ஏகாம்பரநாதன் செலுத்திவந்த புதன்கிழமைகள்

வடகரை நாட்டில் பிறந்தவரும், தென்கரை நாட்டில் வசிப்பவரும், ஆற்றங்கரைத் தெரு மாவு மில்லின் உரிமையாளரும், ஒரே மகளுக்குத் தந்தையுமாகிய திருவாளர் சி. ஏகாம்பரநாதன் அவர்களுக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணினால் அகவை அறுபத்திரண்டு. செலுத்திய வரியைக் கழித்துவிட்டு எண்ணினால் ஐம்பத்தெட்டு. இரண்டுமே சட்டப்படி செல்லும். அவருடைய துணைவியார் உலகம்மைக்கும் ஐம்பத்தெட்டுதான். மணமான புதிதில் கணவரைவிட நான்கு வயது இளையவராக இருந்த அந்த அம்மையார், இப்போது அவருக்குச் சமவயதினர். இன்னும் சில ஆண்டுகள் போனால் தாமே மூத்தவராகிவிடுவோம் என்பதை எண்ணி அவர் அவ்வப்போது முகம் மலர்வதுண்டு.

வரி என்பது வாரத்தில் ஒரு நாள். வடகரை நாட்டில் பிறந்து, கோணையாற்றுப் பாலத்தைக் கடந்து, அண்டை நாடாகிய தென்கரையில் குடியேறுகிற எவரும் தம் வாரத்தில் ஒரு கிழமையைப் பிறந்த நாட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மனிதனுக்கு உண்மையில் சொந்தமானவை அவனுடைய நாட்கள்தாம். அவற்றை முதன்முதலில் அவனுக்குக் கொடுத்த மண்ணுக்கு அவற்றில் ஒரு பங்கு உண்டு என்பது வடகரையின் கொள்கை. அதை யாரும் குறை கூறியதில்லை.

எந்தக் கிழமையைக் கொடுப்பது என்பது கொடுப்பவரின் விருப்பம். பெரும்பாலோர் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் சனிக்கிழமையைக் கொடுத்தார்கள். நல்ல காரியம் எதற்கும் உதவாத நாள் போனால் போகிறது என்பது அவர்களுடைய கணக்கு. ஏகாம்பரநாதன் அப்படிப்பட்டவர் அல்லர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, தென்கரையில் பெண்ணெடுத்து அங்கேயே குடியேறப் புறப்பட்ட நாளில், பாலத்து முனையிலிருந்த வரி அலுவலகத்தில் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு சொன்னார்:

"அழுகின தேங்காயைப் பிள்ளையாருக்கு உடைக்கிற ஆளு நான் இல்ல. பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அந்தப் புதனையே எடுத்துக்கோங்க."

அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேலதிகாரி தம் கையாலேயே அவருக்கு ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். புதன்கிழமை செலுத்துகிறவர் என்று இரண்டு நாடுகளிலும் அவர் ஒருவரே இருந்தார். எந்தச் சபையில் உட்கார்ந்தாலும், பேச்சு எங்கே சுற்றினாலும், கடைசியில் அந்த எலுமிச்சம்பழத்தில் வந்து முடியும்படி அவர் பார்த்துக்கொண்டார்.

வரியை வாங்கிப் போக வருகிறவர் வேணுவனம் என்னும் வடகரை ஊழியர். செவ்வாய்க்கிழமைதோறும் விளக்கு வைக்கிற வேளையில் அவர் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியோடு வருவார். உலகம்மை கொடுக்கிற சுக்குக் காப்பியைக் குடிப்பார். முழங்கால் வலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு எழுந்து போய், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் அடியில் தூக்கைப் பிடிப்பார். பிழிந்த வேட்டி விழுவதைப் போல மெத்தென்ற ஓசையோடு புதன்கிழமை அதற்குள் விழும். இளம்பச்சை நிறமாக இருக்கும். ஊறவைத்த பாசிப்பயற்றின் மணம் அடிக்கும். வேணுவனம் மூடியை அழுத்தி மூடிவிட்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று பாலத்தை நோக்கி நடப்பார். ஏகாம்பரநாதன் இராச்சாப்பாட்டை முடித்துப் படுத்தால் அடுத்து விடிவது வியாழக்கிழமை.

இதனால் அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், அவருடைய சாய்வு நாற்காலியின் துணி, அவரைவிடப் பருமனான ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்ததைப் போல் தொய்ந்திருக்கும். வெற்றிலைப் பெட்டி காலியாக இருக்கும். மில்லில் அவர் பூட்டிவைத்த சல்லடை வேறுவிதமாக மாற்றிப் பூட்டப்பட்டிருக்கும். இவையெல்லாம் அவருடைய மைத்துனர், அதாவது உலகம்மையின் அண்ணன், ஆவுடையப்பனின் கைங்கரியம். புதன்கிழமைகளில் அந்த வீட்டுக்கு ஆண் துணை வேண்டுமே என்று முதல் வாரம் வந்தவர், இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு புதனும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். மில்லையும் அவரே ஓட்டினார்.

"புதன்கெழம அரைக்கிற மாவு மட்டும் எப்படி இவ்வளவு நைசா இருக்கு?" என்று பெண்கள் ஏகாம்பரநாதனிடமே கேட்பார்கள். அவர் எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேச்செடுப்பார்.

இவ்வாறு இருக்கையில் மகள் மங்கையர்க்கரசிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அதே தென்கரையில் படகு கட்டுகிறவர், நல்ல பிள்ளை, நீச்சல் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சோதிடரைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஆவணி இருபத்தொன்பது. புதன்கிழமை. அதை விட்டால் புரட்டாசி பிறந்துவிடும். புரட்டாசியில் கல்யாணம் கூடாது. ஐப்பசியில் மாப்பிள்ளைக்குக் கட்டம் சரியில்லை.

ஏகாம்பரநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதன்கெழமை எனக்குக் கெடையாதே" என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வருத்தத்தோடு தலையசைத்தார். "தெரியும் சம்பந்தி. ஊரே பெருமையாச் சொல்லுது. ஆனா வேற நாள் இல்லையே."

ஆவுடையப்பன் தம் பெரிய உடம்பை நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். "இதுக்குப் போய் யோசிப்பானேன் மாப்ளே? புதன்கெழமைக்குத்தான் நான் இருக்கேம்லா! தாரை நான் வார்த்துக் குடுக்கேன். நீரு வியாழக்கெழம எந்திரிச்சு வந்து பிள்ளைகள ஆசீர்வாதம் பண்ணும்."

பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, நீர் வார்த்துக் கொடுப்பது தந்தையின் உரிமை. ஏகாம்பரநாதனுக்கு இருந்தது ஒரே மகள். ஆகவே அந்த உரிமை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவரிடம் வரும். அது வருகிற நாளில் அவர் இருக்க மாட்டார். அவருடைய நாற்காலியையும் வெற்றிலையையும் மில்லையும் எடுத்துக்கொண்டவர், அவர் மகளின் கையையும் பிடித்துக் கொடுப்பார். அவருக்கு வாயில் இருந்த முறுக்கு மெல்ல வரவில்லை.

விருந்தினர்கள் போன பிறகு மங்கையர்க்கரசி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"அப்பா, நீங்கதான் தாரை வார்க்கணும். மாமா வேண்டாம்."

"அவரு பெரியவரும்மா. அப்படிச் சொல்லக் கூடாது."

"பெரியவர்தான். நெய்ப் புகை பட்டா அவருக்குத் தும்மல் வரும். சின்ன மாமா கல்யாணத்துல தும்மினாரே, மேளக்காரர் தவில விட்டுட்டு எந்திரிச்சு ஓடல? தாரை வார்க்கும்போது தும்மினா என்ன சகுனம்? எனக்கு எங்கப்பாதான் வேணும்."

உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஒரே ஒரு புதனத் திருப்பிக் கேட்டுப் பாருங்களேன். வாய விட்டுக் கேட்டா வாயில புண்ணா வந்துரும்?" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஏகாம்பரநாதன் இஸ்திரி போட்ட சட்டையை அணிந்து பாலத்தைக் கடந்தார். வடகரை வரி அலுவலகம் பழைய இடத்திலேயே இருந்தது. அதை ஒட்டிச் சரக்கு வைக்க மூன்று நீண்ட கிட்டங்கிகள் கட்டப்பட்டிருந்தன. மூன்றிலும் செவ்வாய்க்கிழமைகள் மோட்டுவளை வரைக்கும் அடுக்கப்பட்டிருந்தன. மிஞ்சியவற்றைக் கூரையின் ஒழுக்கு அடைக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். சனிக்கிழமைகளைக் கருவாட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள்.

மேலதிகாரி அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். செய்தியைக் கேட்டதும் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்க புதன்கெழமை எங்களுக்குச் சாதாரண நாள் இல்ல. எங்க தேர் ஊரச் சுத்தி நிலைக்கு வர எட்டு நாள் ஆகும். வாரத்துக்கு ஏழு நாள்தான் இருக்கு. நீங்க குடுக்கத் தொடங்கினதுக்கு முன்னால அது ஒரு வருஷமாவது நிலைக்கு வந்ததுண்டா? நடுத்தெருவுலயே நிக்கும். இப்ப ஆவணித் தேருக்கு ஒங்க புதனத்தான் எட்டாவது நாளாச் சேர்த்துக்கிடுதோம். செவ்வாயில வடம் தொட மாட்டேன்னு ஊர் சொல்லுது."

ஏகாம்பரநாதனின் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்ததும் பழையபடி தாழ்ந்தது. "எனக்கு ஒரே பிள்ளை" என்றார்.

மேலதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "கட்டின வரியத் திருப்பிக் குடுக்கச் சட்டம் இல்ல. ஆனா ஒண்ணு. ஒரே நாள ரெண்டு நாடும் எடுக்கக் கூடாதுன்னு ரெண்டு கரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. நீங்க குடியிருக்கிற தென்கரை அந்தப் புதனக் கேட்டா நாங்க தொட மாட்டோம். தேர் நின்னா நிக்கட்டும், ஒப்பந்தம் ஒப்பந்தந்தான்."

"தென்கரையில வரியே கெடையாதே?"

"அதான் சிக்கல்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

தென்கரையில் வரி கிடையாது என்றாலும் வரி அலுவலகம் உண்டு. ஒரு நாடு என்றிருந்தால் அதற்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதுதான் அழகு என்று முன்னோர்கள் கட்டி வைத்தது. அதன் அதிகாரியாகிய கற்பகவல்லி அம்மையார், பதவி ஏற்ற நாள் முதல் அலுவலக முற்றத்தில் அரைக்கீரை பயிரிட்டு வந்தார். ஏகாம்பரநாதன் போய்த் தம்மிடம் வரி வாங்கும்படி வேண்டியபோது, அம்மையார் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார். அவருடைய கண்கள் கலங்கின.

"எங்கிட்டயா? வரியா?"

"ஒரே ஒரு புதன்கெழமைதான் அம்மா, வாங்கின கையோட எனக்கே திருப்பிக் குடுத்துரலாம். ஆவணி இருபத்தொம்பது."

"இந்த நாற்காலியில நான் உக்காந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. வழி கேட்டு வந்திருக்காங்க, கீரை கேட்டு வந்திருக்காங்க. வரி கட்டுதேன்னு யாரும் வந்ததில்ல. கட்டாயம் வாரேன். எதுல வாங்குறது? எங்கிட்ட அதுக்குன்னு பாத்திரம் கெடையாதே. இட்லிக் கொப்பரை ஆகுமா?"

"மூடி சரியா இருந்தா ஆகும்" என்றார் ஏகாம்பரநாதன்.

ஆவணி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை மாலை. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. வாழை மரங்கள் கட்டியாகிவிட்டது. விளக்கு வைக்கிற வேளையில் ஒரு புறமிருந்து வேணுவனம் தூக்கோடு வந்தார். மறு புறமிருந்து கற்பகவல்லி அம்மையார் பட்டுச் சேலை உடுத்தி, புளி போட்டுத் தேய்த்த இட்லிக் கொப்பரையோடு வந்தார். இருவருக்கும் சுக்குக் காப்பி கொடுக்கப்பட்டது. இருவரும் எழுந்து நாட்காட்டியின் அடியில் நின்றார்கள்.

வேணுவனம் தூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அம்மா கேட்டிருக்கீங்கன்னு மேலதிகாரி சொன்னாரு. நீங்க எடுத்துக்கோங்க."

"அது எப்படி? நீங்க எத்தன வருஷமா வாங்குதீய! ஒங்க நாடு மூத்த நாடு. நீங்க பிடிங்க."

"வீடு ஒங்க நாட்டுல இருக்கு. மரியாதை ஒங்களுக்குத்தான்."

"பிறந்த மண்ணுக்குப் பெறகுதான் குடியிருக்கிற மண்ணு. பிடிங்க அண்ணாச்சி."

முதற்பந்தியில் யார் உட்காருவது என்று இரண்டு சம்பந்திகள் ஒருவரை ஒருவர் தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருவரும் உபசரித்துக்கொண்டார்கள். வேணுவனம் அரை அடி பின்வாங்கினார். அம்மையாரும் அரை அடி பின்வாங்கினார். அந்நேரத்தில் நாட்காட்டியிலிருந்து புதன்கிழமை நழுவி, தூக்குக்கும் கொப்பரைக்கும் நடுவே, தரையில் மெத்தென்று விழுந்தது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழுந்தது எந்த நாட்டுக்கும் உரியது அல்ல என்பது வெளிப்படையாக இருந்தது.

உலகம்மை குனிந்து அதை எடுத்து, இரண்டு உதறு உதறினார். "ஈரமா இருக்கு. இப்படியே மடிச்சா பூஞ்சணம் பூத்துரும்" என்று கொல்லைக் கொடியில் விரித்துப் போட்டார். சாப்பாடு முடியும் மட்டும் அது ஆற்றுக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காய்ந்ததும் மடித்துக் கணவரின் தலையணைக்கடியில் வைத்தார். கோடி வேட்டி முதல் நனைப்பில் சுருங்குவதைப் போல் அது சற்றே சுருங்கியிருந்ததை அவர் கவனித்தார். நல்ல நாளும் அதுவுமாக அதைப் போய்ச் சொல்வானேன் என்று விட்டுவிட்டார்.

ஏகாம்பரநாதன் புதன்கிழமை விடியலில் கண் விழித்தார்.

அந்த வீட்டில் அவர் காண்கிற முதற்புதன் அது. வெயில் அடுக்களைச் சன்னல் வழியாக வந்து, மற்ற நாட்களில் தொடாத ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உலகம்மை ஏதோ ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்தபடி வாசலுக்கு நீர் தெளித்தார். அவர் பாடுவார் என்பது ஏகாம்பரநாதனுக்குத் தெரியாது. "புதன்கெழம மட்டுந்தான்" என்றார் அந்த அம்மையார், திரும்பிப் பார்க்காமலே.

மற்ற நாட்களில் அவர் கையால் சோறு தின்கிற நாய், புதன்கிழமையில் அவரை அறியாதாகையால், வாலைத் தூக்கிக்கொண்டு குரைத்தது. பூக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு, "நீங்க யாரு ஐயா, மாப்பிள்ள வீட்டாளா? இந்த வீட்டுப் பெரியவரு ஆவுடையப்பன் ஐயா எங்க?" என்று கேட்டாள். ஏகாம்பரநாதன் தம் பெயரையும் அகவையையும் முறையாகச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அவள் மரியாதையாக ஒரு முழம் பூ அதிகமாகக் கொடுத்தாள்.

முகூர்த்த வேளை நெருங்கியது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார். மங்கையர்க்கரசியை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். புரோகிதர், "பொண்ணுக்குத் தகப்பனார் வரலாம்" என்று குரல் கொடுத்தார். ஏகாம்பரநாதன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு மணைக்குப் போனார். அங்கே ஆவுடையப்பன் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், எந்திரிங்க" என்றார் ஏகாம்பரநாதன் தணிந்த குரலில்.

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் பொல்லாங்கு எதுவும் இல்லை. "பழக்க தோசம் மாப்ளே. புதன்கெழமன்னா இந்த வீட்டுல காலு தானா வந்து உக்காருது. இவ மொத மொதல்ல நடந்தது ஒரு புதன்கெழம, தெரியுமா? பல்லு விழுந்தது புதன்கெழம. மில்லு பெல்ட்டுல பாவாட மாட்டிக்கிட்டு அழுதாளே, அதுவும் புதன்கெழம. நான்தான் இருந்தேன். ஒரு நாளாவது ஒம்மகிட்ட வந்து பெருமை பேசியிருப்பேனா?"

ஏகாம்பரநாதன் அதுவரை அப்படி எண்ணிப் பார்த்தது இல்லை. தாம் கொடுத்த புதனைத்தான் அவர் எண்ணினார். அந்தப் புதனுக்குள் இன்னொருவர் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டது அவர் கணக்கில் வரவில்லை. மில்லின் சல்லடையும் வெற்றிலைப் பெட்டியும் அவர் மனத்தில் சிறியவையாகிவிட்டன. தம் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து மைத்துனரின் தோளில் போட்டார்.

"அப்பா" என்று மங்கையர்க்கரசி மெல்லச் சொன்னாள். "மாமா மூக்கைப் பாருங்க."

புரோகிதர் அப்போதுதான் நெருப்பில் நெய்யை விட்டிருந்தார். ஆவுடையப்பனின் மூக்கு நுனி சிவந்து துடித்தது. அவர் இரண்டு விரல்களால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே துள்ளலில் எழுந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு விரைவாக எழுந்ததை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

"மாப்ளே, சீக்கிரம் உக்காரும். வருது!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலைத் தாண்டினார், தெருவைத் தாண்டினார், மில்லைத் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் மூக்கைப் பிடித்த கையை விடாமல் ஓடினார். மருமகளுக்காக அடக்கி வைத்த தும்மல் அங்கேதான் வெளிப்பட்டது. கரையில் கட்டியிருந்த படகுகள் மூன்றும் அவிழ்ந்து நகர்ந்தன. பந்தலில் கேட்டவர்கள், அது அதிர்வேட்டு என்று மகிழ்ந்தார்கள்.

மகளின் கையைத் தம் கையில் ஏந்தி, மாப்பிள்ளையின் கையில் வைத்து, உலகம்மை செம்பிலிருந்து சரித்த நீரை ஏகாம்பரநாதன் தாரையாக வார்த்தார். ஒரு முறை. மகளின் விரல்களில் மருதாணி சிவந்திருந்ததைப் பார்த்தார். இரண்டாம் முறை. பாசிப்பயற்றின் மணம் தேய்ந்து வருவதை உணர்ந்தார். சுருங்கிய புதன்கிழமையின் ஓரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரப்படாமல், ஒரு துளியும் வெளியே சிந்தாமல், மூன்றாம் முறையும் வார்த்தார். மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு வியாழக்கிழமை.

பந்தலில் வாழை இலைகள் வாடியிருந்தன. அவர் வார்த்த கை வார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. உலகம்மை அவரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. பந்தி முடிஞ்சாச்சு. மக மாப்பிள்ள வீட்டுக்குப் போயாச்சு. போகும்போது ஒங்க காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போனா. நீங்க இல்ல; நீங்க நின்ன எடத்தத் தொட்டா. ஒங்க இலையில அண்ணன் உக்காந்தான். பாயசம் ரெண்டு தரம்."

ஏகாம்பரநாதன் வாய்விட்டுச் சிரித்தார். வேணுவனம் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த தூக்கில் உலகம்மை அவருக்கென்று பாயசம் எடுத்து வைத்திருந்தார். அதை முழுவதும் குடித்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். காலி. "இருக்கட்டும்" என்றார்.

ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. ஒரு நாள் குறைந்தமையால் வடகரைத் தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நின்றுவிட்டது. மாதங்கள் வடக்கிலிருந்து அந்தத் தெரு வழியாக வந்து, பாலத்தைக் கடந்து தென்கரைக்குப் போவதுதான் வழக்கம். ஆவணி முப்பத்தொன்று முடிந்ததும் வந்த புரட்டாசி, தேரைத் தாண்ட வழியில்லாமல் தெருமுனையில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்துவிட்டது. ஈரத் துளசி மணத்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் அதற்கு மோரும் சுண்டலும் கொடுத்தார்கள். இரண்டு நாடுகளிலும் ஆவணி நீண்டுகொண்டே போயிற்று. அதைப் பயன்படுத்திக்கொண்டு தென்கரையில் இன்னும் மூன்று கல்யாணங்கள் நடந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆவணி முப்பத்தைந்து, வேணுவனம் இரண்டு தூக்குகளை நிரப்பித் தரக் கேட்டு வந்தார். மறந்து வைத்தது ஒன்று. கையில் கொண்டுவந்தது ஒன்று.

"அண்ணாச்சி, இந்த வாரப் புதன் வழக்கம்போல ஒண்ணு. அது ஆஸ்பத்திரிக்குப் போகுது, நாள் எண்ணிக்கிட்டுக் கெடக்கிறவங்களுக்கு. போன வாரம் கீழ விழுந்தது ஒண்ணு. அதுக்குப் பதிலா ஒரு புதன் குடுத்தா தேரு நகரும். புரட்டாசிக்கும் பாவம், முதுகு வலிக்குதாம்."

ஏகாம்பரநாதனுக்கு வாரத்தில் ஒரே ஒரு புதன்தானே? அதைத்தான் முதல் தூக்கு வாங்கிக்கொண்டது. இரண்டாவது தூக்கு வெறுமையாக இருந்தது. வேணுவனம் சங்கடத்தோடு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

வெற்றிலை போட்டபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் எழுந்து வந்தார். தோளில் அந்தப் பட்டுத் துண்டு கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை.

"எம் புதன எடுத்துக்கோங்க. அவருக்காக நான் குடுத்ததா இருக்கட்டும்."

"மச்சான், ஒங்களுக்கு எதுக்கு? நீங்க தென்கரைக்காரரு."

"இருக்கட்டும் மாப்ளே. இத்தன வருசம் ஒம்ம புதன்லதான உக்காந்திருக்கேன்? நாற்காலித் துணிக்கு வாடகைன்னு வச்சுக்கிடும்."

அவருடைய புதன்கிழமை கனமாக இருந்தது. விழுந்த வேகத்தில் தூக்கின் மூடி இரண்டு முறை எகிறியது. வேணுவனம் அதைத் துண்டால் சுற்றிக் கட்டி எடுத்துப் போனார். வடகரையில் தேரடியில் வைத்து மூடியைத் திறந்தபோது, உள்ளிருந்து ஒரு தும்மல் வெளிப்பட்டதாகவும், வடத்தைத் தொட்டவர்கள் தொட்டபடி நிற்கத் தேர் தானாகவே நிலை வரைக்கும் உருண்டு போனதாகவும் அவர் பின்னர் வந்து சொன்னார்.

ஏகாம்பரநாதனும் ஆவுடையப்பனும் வியாழக்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். இருவரும் ஒன்றாகவே உள்ளே போய்ப் பார்த்தார்கள். சாய்வு நாற்காலியின் துணி, இருவரையும்விடச் சிறிய உடம்புக்குத் தொய்ந்திருந்தது. வெற்றிலைப் பெட்டியில் ஒரே ஒரு பாக்கு குறைந்திருந்தது. மில்லின் சல்லடை மூன்றாவது விதமாகப் பூட்டப்பட்டிருந்தது. மாவு வாங்க வந்த பெண்கள், நேற்று அரைத்ததைப் போல ஒரு மாவை இதுவரை கண்ணால் கண்டதில்லை என்றார்கள். உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தேர் நிலைக்கு வந்து, அதன் பின்னால் கோணியைச் சுருட்டிக்கொண்டு புரட்டாசி ஊருக்குள் நுழைந்து, இரு நாடுகளும் மனமொப்பி இவ்விவகாரம் தீர்ந்த நாள், ஆவணி மாதம் முப்பத்தாறாம் தேதி, புதன்கிழமை.